எரித்தது ஓர் உடல் மட்டுமா?

சிற்றூர் ஒன்றின் படிப்பகத்தில் பேச அழைத்திருந்தனர். உடலுறுப்புக் கொடை என்பது தலைப்பு. ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டல் இருந்தது. பேசி முடித்ததும், வினா இருந்தால் கேட்கலாம் என்றார் கூட்டத் தலைவர். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார்.

"ஐயா, இவ்வளவும் சொன்னீர்கள். உங்கள் வீட்டில் எவரேனும் கொடுத்திருக்கிறார்களா?"

மேசைமீது தண்ணீர்க் குவளை இருந்தது. எடுத்துக் குடித்தேன். "அதை எழுதுகிறேன், தம்பி, படித்துக்கொள்" என்று கூறி அமர்ந்துவிட்டேன். சிலர் சிரித்தனர். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருக்கு நான் பட்ட கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

2011ஆம் ஆண்டு. என் அக்காள் மகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தந்தையை இழந்த பிள்ளை. நூற்பாலை வேலையால் குடும்பத்தைத் தாங்கி நின்றவன். இரவு முறை முடித்து, விடியற்காலையில் இருசக்கர வண்டியில் வீடு திரும்பினான். தலைக்கவசம் வண்டியில் தொங்கிற்று, தலையில் இல்லை. விளக்கின்றி நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதினான். உடலில் வேறெங்கும் பெரிய காயமில்லை. அடி முழுவதும் தலையில்.

மூன்றாம் நாள் மாலை மருத்துவர் எங்களை அழைத்தார். "மூளைத்தண்டு செயலற்றுப்போய்விட்டது. இருமுறை சோதித்துவிட்டோம். இனி அவர் திரும்ப மாட்டார். மூச்சு விடுவது அவரல்ல, கருவி" என்றார். சிறிது நேரம் கழித்து, இளம்பெண் ஒருவர் வந்து, தாழ்வாரத்துத் தரையில் அக்காளின் அருகே அமர்ந்தார். அக்காளின் கையைப் பற்றிக்கொண்டு, மெல்லிய குரலில், "உங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தால் சிலர் பிழைப்பார்கள், அம்மா. உங்களுக்கு விருப்பமிருந்தால் மட்டுமே" என்றார்.

அக்காள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லப்பா. ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவன் நீ. என்ன செய்யலாம்?"

தோழர்களே! இருபதாண்டுக் காலம் மேடையேறியவன் நான். மூடநம்பிக்கையை முறியடிப்போம் என முழங்கியவன். பிறவி ஏழு என்பது பித்தலாட்டம் எனப் பேசியவன். அந்தத் தாழ்வாரத்தில், என் அக்காள் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு நான் சொன்ன விடை என்ன தெரியுமா?

"பெரியவர்களைக் கேட்டுக்கொள்வோம், அக்கா."

பெரியவர்களைக் கேட்டோம். அக்காளின் மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வேண்டாம். முழு உடம்பாகப் போகட்டும். கண்ணில்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான்." நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து, வணங்கிவிட்டுப் போனார். மறுநாள் பிற்பகல், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சும் நின்றது.

முழு உடம்பாகப் போனானா? இல்லை. விபத்தில் இறந்தவனாயிற்றே, சட்டப்படி பிணவறையில் அறுத்தார்கள், ஆய்ந்தார்கள், தைத்தார்கள். அறுத்துத் தைத்த உடலைத்தான் எங்களிடம் கொடுத்தார்கள். எவருக்கும் பயன்படாமல் அறுபடுவதற்கு இசைந்தோம். எவரேனும் வாழ்வதற்காக அறுபட மறுத்தோம். இரண்டு சிறுநீரகம், ஒரு கல்லீரல், ஓர் இதயம், இரண்டு நுரையீரல், இரண்டு கருவிழி, இத்தனையையும் நெருப்புக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம்.

எரித்தது ஓர் உடல் மட்டுமா? அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதன்பிறகுதான் இந்த மருத்துவத்தின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். குற்றம் செய்தவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவது போல!

நெஞ்சு துடித்துக்கொண்டிருந்ததே, அவனை எப்படி இறந்தவன் என்பது? அன்று எங்கள் உறவினர் பலர் கேட்ட கேள்வி இது. இதயத்துக்குத் தானே துடிக்கும் இயல்பு உண்டு. உயிர்க்காற்று கிடைக்கும்வரை, மூளையின் ஆணையின்றியும் அது துடிக்கும். மூச்சு விடுவதற்கோ மூளைத்தண்டு வேண்டும். அது அழிந்தால், கருவியை நீக்கிய மறுகணமே மூச்சு இல்லை. நினைவிழந்து கிடப்பவர் என்றேனும் எழக்கூடும். மூளைத்தண்டு செத்தவர் எழுந்ததில்லை. 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவொன்று இதற்கு இலக்கணம் வகுத்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஏற்றது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேரமேனும் இடைவெளி விட்டு இருமுறை சோதிக்க வேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தும் மருத்துவர் அந்தக் குழுவில் இருத்தல் கூடாது. "உறுப்புக்காக ஆளைக் கொன்றுவிடுவார்களோ" என்னும் அச்சத்துக்குச் சட்டம் போட்ட வேலி அது.

மனிதன் இந்த இடத்துக்கு எளிதில் வந்து சேர்ந்துவிடவில்லை. 1905இல் மொராவியாவின் ஓலமோட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் ஒருவரின் கருவிழியை மற்றொருவருக்குப் பொருத்தி ஒளி தந்தார். குருதிக்குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கும் முறையைக் கண்ட அலெக்சிஸ் கேரலுக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. தைக்கத் தெரிந்துவிட்டது, ஆயினும் தைத்த உறுப்பு நிலைக்கவில்லை. ஏன்?

இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் தீக்காயம் பட்டவர்களிடம் அந்த 'ஏன்' என்பதற்கு விடை தேடினார் பீட்டர் மெடவார். ஒருவரின் தோலை மற்றவர் உடலில் ஒட்டினால் உதிர்ந்துவிடுகிறது. மறுமுறை அதே நபரின் தோலை ஒட்டினால் இன்னும் விரைவில் உதிர்கிறது. உடல் அயலானை அடையாளம் கண்டு, நினைவில் வைத்து விரட்டுகிறது என்று கண்டறிந்தார். 1960இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே வெற்றியுடன் சிறுநீரகம் மாற்றினார் என்றால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதே காரணம். உடல் அங்கே அயலான் என்று எண்ணவில்லை.

இரட்டையர் அல்லாதவர் என் செய்வது? விடை மண்ணிலிருந்து வந்தது. நார்வே நாட்டு மேட்டு நிலமொன்றிலிருந்து எடுத்துவந்த பிடிமண்ணில் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தைப் பிரித்தனர். 1980களில் அது புழக்கத்துக்கு வந்ததும் உறுப்பு மாற்றத்தின் தலையெழுத்தே மாறிற்று. பின்னர் ஜப்பானில் சுக்குபா மலையடி மண்ணின் நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. ஏழை எளியவர் காலடியில் மிதிபடும் மண், மருத்துவ உலகின் மாமருந்தாயிற்று!

இந்த வரலாற்றில் என் நெஞ்சில் நின்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1967 டிசம்பர் 3ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், கிறிஸ்டியான் பர்னார்டு முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தினார். பெற்றவர் 18 நாள் வாழ்ந்தார். ஒரு திங்களுக்குள், 1968 ஜனவரி 2ஆம் நாள், இரண்டாம் மாற்றம். பெற்றவர் வெள்ளையர், பல் மருத்துவர். இதயத்தைத் தந்தவரோ, அந்நாட்டு நிறவெறிச் சட்டம் 'கலப்பினத்தான்' என்று முத்திரை குத்தி ஒதுக்கிய இளைஞர். அவர் உயிரோடிருந்தபோது, வெள்ளையருக்கென ஒதுக்கிய கடற்கரையில் கால் வைக்க முடியாது. இரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏற முடியாது. இறந்தபிறகு அவர் இதயம் வெள்ளையரின் மார்புக்குள்ளேயே குடியேறிற்று. பத்தொன்பது திங்கள் துடித்தது. எந்தச் சட்டம் தடுத்தது? எந்தத் தோல் தீட்டுப்பட்டது? கத்தி ஒன்றால், ஒரே இரவில், நிறவெறியின் பொய்யைக் கிழித்துக் காட்டியது மருத்துவம். இதயம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இரத்தம் பொருந்துமா? குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை, நிறமும் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் கதைக்குப் பஞ்சமில்லை. யானைத் தலையை மனித உடலில் பொருத்திய கதையைக் காட்டி, "அன்றே எங்களிடம் அறுவை மருத்துவம் இருந்தது" என்று பெருமை பேசுவோர் இன்றும் உண்டு. ஒரு மனிதனின் தோலையே மற்றொரு மனிதன் உடல் ஏற்க மறுக்கும் உண்மையை மெடவார் காட்டினார்; யானைத் தலையை எந்த மருந்து ஏற்கச் செய்தது என்று இவர்கள் கூறுவார்களா? 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், மரபணுவில் பத்து மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தை ஒருவருக்குப் பொருத்தினர். இரண்டு திங்கள் வாழ்ந்து அவர் இறந்தார். இறந்தார் என்பதை மறைக்காமல் சொன்னார்கள். ஏன் இறந்தார் என்று ஆய்ந்தார்கள். 2024இல் பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தும் அடுத்த முயற்சிக்குப் போனார்கள். புராணம் ஒரு வரியில் வெற்றி பெற்றுவிடும். அறிவியல் நூறாண்டு தோற்றுத் தோற்று ஓரடி முன்வைக்கும். அந்த ஓரடிதான் மனிதனைப் பிழைக்க வைக்கிறது.

அன்று அக்காளின் மாமனாரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன். அவர் சிவநெறியாளர்; கண்ணப்பர் கதை கேட்டுக் கண்ணீர் வடிப்பவர். சிலையின் விழியில் குருதி வழியக் கண்டு, தன் கண்ணைத் தோண்டி அப்பிய வேடனை நாயனார் என்று வணங்குகிறீர்கள். கல்லுக்குக் கண் கொடுத்தவன் வணக்கத்துக்குரியவன். கண்ணில்லா மனிதனுக்குக் கொடுத்தவன் மட்டும் மறுபிறவியில் குருடனா? இது எந்த ஊர் நீதி, ஐயா? இப்படிக் கேட்டிருந்தால் அவர் சினந்திருப்பார். சினம் தணிந்து சிந்தித்தும் இருப்பார். அவர் கெட்டவர் அல்லர். அவர் அறிந்ததை அவர் சொன்னார். நான்தான் அறிந்ததைச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. மறுப்போர் அனைவரையும் மடமை என்ற ஒரே கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. மக்களின் ஐயத்துக்குக் காரணம் உண்டு. 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றம் வெற்றி கண்டது நமக்குப் பெருமை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டில், சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்ததே, அது யாருக்குப் பெருமை? கடன்பட்டவர் விலாவில் தழும்போடு நடந்த தெருக்கள் அவை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. எனினும், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு விசாரித்த ஆய்வொன்று 2002இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியாயிற்று. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடன் அடைக்க விற்றவர்கள். விற்றபிறகு கடன் அடைந்ததா? நால்வரில் மூவர் அப்போதும் கடன்காரர். குடும்ப வருவாயோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. விற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2025இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரிடையே சிறுநீரகத் தரகர் நடமாட்டம் பற்றிப் புகார் எழுந்து, அரசு விசாரணையும் நடந்தது. வட்டிக்கடை வாசலில் தொடங்கி அறுவை மேசையில் முடியும் இந்தப் பாதையை அடைக்காதவரை, ஏழை மகன் மருத்துவமனையில் கிடக்கையில் "உறுப்பைத் தாருங்கள்" என்னும் சொல் அவன் தாயின் காதில் எப்படி ஒலிக்கும்? கொடை என்றா? கொள்ளை என்றா?

இன்னொரு பாதையும் இருக்கிறது. அது வீட்டுக்குள்ளேயே ஓடுவது. இந்தியாவில் உயிரோடிருக்கும்போதே உறுப்புத் தருவோரில் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். தாய் தருகிறாள், மனைவி தருகிறாள், தமக்கை தருகிறாள். மனைவிக்குத் தேவை வந்தால், "அவர் சம்பாதிக்கிறவர், அவர் உடம்பு தாங்காது" என்கிறது அதே குடும்பம். சிறுநீரகத்துக்கு ஆண் பெண் வேற்றுமை தெரியாது. குடும்பத்துக்கு நன்றாகவே தெரிகிறது! தானாக விரும்பித் தரும் தாயை நான் குறை கூறவில்லை. மறுக்கும் உரிமை இல்லாதவள் தருவதைக் கொடை என்று கூறலாமா என்றே கேட்கிறேன்.

ஆகவேதான், இறந்தோர் தரும் கொடை பெருக வேண்டும் என்கிறேன். அது பெருகப் பெருக, ஏழையின் விலாவையும் மனைவியின் விலாவையும் நோக்கி நீளும் கை சுருங்கும். தமிழ்நாடு இதில் வழிகாட்டிய மாநிலம். 2008இல் அரசு இதற்கென ஒழுங்குமுறைகளை வகுத்தது. அதே ஆண்டில், விபத்தில் மூளைச்சாவடைந்த 15 வயது மகனின் உறுப்புகளை மருத்துவ இணையர் ஒருவர் வழங்கினர். அவன் இதயம் சென்னை நெரிசலை 11 நிமிடத்தில் கடந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. எடுத்த இதயம் நான்கு மணி நேரத்துக்குள் அடுத்த மார்பில் துடிக்க வேண்டுமல்லவா? 2014இல் உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. காப்பீட்டுத் திட்டத்தின் வழியே ஏழைக்கும் இந்த அறுவை எட்டத் தொடங்கியது. உறுப்பு வழங்கியோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். கூலித் தொழிலாளியின் உடலுக்கு மாவட்ட அதிகாரி வந்து மாலை வைக்கும் காட்சியை இன்று காண்கிறோம். 2024இல் 268 பேர் இவ்வாறு வழங்கினர்.

மகிழ்ச்சிதான். ஆயினும் கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,000க்கும் மேல். மறு ஆண்டு நாடு முழுவதும் மூளைச்சாவுக்குப்பின் உறுப்பு வழங்கியோரோ ஆயிரத்தைச் சற்றே தாண்டினர். பத்து இலட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்பெயின் நாட்டில் அது 45க்கு மேல். அந்நாட்டார் நம்மினும் இரக்கமுள்ளவர்களா? இல்லை. 1989இல் தேசிய அமைப்பொன்றை நிறுவி, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற மருத்துவரை இதற்கென நியமித்தனர். மூளைச்சாவைத் தவறாமல் கண்டறிவது, துயருற்ற குடும்பத்திடம் பொறுமையாகப் பேசுவது, இந்த இரண்டையும் தொழிலாகக் கற்பித்தனர். "மறுக்காதவர் எல்லாரும் கொடையாளர்" என்று அங்கே சட்டம் இருந்தும், குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. சட்டத்தைவிட, கேட்கும் முறையே அவர்களை உயர்த்திற்று.

பெற்றுக்கொண்டவரின் பாடும் எளிதன்று. நாள் தவறாமல், வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். உறுப்பைக் காக்கும் அதே மருந்து, நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கும். சிறுநீரகத்தையே மெல்ல வருத்தவும் செய்யும். பொருத்திய சிறுநீரகம் பத்து, பதினைந்து ஆண்டில் தளர்ந்து, மறுபடி வரிசையில் நிற்போரும் உண்டு. அறிவியல் செல்ல வேண்டிய தொலைவு இன்னும் இருக்கிறது. அந்தத் தொலைவை ஆய்வுக்கூடம் கடக்கும். மருத்துவமனைத் தாழ்வாரத்தின் தொலைவைக் கடக்க வேண்டியவர்கள் நாம்.

ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு நாள், அக்காள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பேச்சு மகனைப் பற்றித் திரும்பிற்று. சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் அக்காள் சொன்னார்:

"அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் சரி என்றிருப்பேன், தம்பி. எங்கேயாவது அவன் நெஞ்சு துடிக்கிறது என்று இருந்திருப்பேன்."

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்கு உறவெல்லாம் கூடியிருந்தபோது, இலை போடுமுன் அக்காளே பேச்செடுத்தார். "எனக்கு ஒன்று ஆகி, டாக்டர் வந்து கேட்டால், யாரும் யாரையும் பார்க்காதீர்கள். எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார். நானும் அவ்வாறே சொன்னேன். என் மனைவியும் சொன்னார். பிள்ளைகள் சற்றுத் திகைத்தனர். பிறகு அவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பாயசம் ஆறிப்போயிற்று, அவ்வளவே.

தம்பி! படிப்பகத்தில் கேட்டாயே, அதற்கு விடை இது: எங்கள் வீட்டில் எவரும் கொடுக்கவில்லை. கொடுக்கும் வாய்ப்பு வந்தபோது, நான் வாய்மூடி நின்றேன். உன் சட்டைப்பையில் உறுதிமொழி அட்டை இருக்கலாம். நல்லது. ஆனால் அந்த நேரத்தில் மருத்துவர் கேட்கப்போவது உன்னை அன்று. உன் தாயை, தந்தையை, துணைவியை. அழுது வீங்கிய கண்களோடு அவர்கள் எவர் முகத்தையோ பார்ப்பார்கள். அந்த முகத்துக்குரியவன் என்னைப்போல் ஒருவனாக இருந்துவிட்டால்?

ஆகவே, மேடையில் சொல்வதற்கு முன் வீட்டில் சொல். இன்றிரவு, சோறு பரிமாறும்போதே சொல்.